எழுபது வளைவுக்கு மேலே ஒரு பெரிய நாய்

(கொல்லிமலை செம்மேட்டில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இந்த மலையில் என்னைப் பேசக் கூப்பிட்டால் ஆடு, மாடு, கோழி பற்றித்தான் கூப்பிடுவார்கள். இன்று நாயைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். காரணம் எனக்குத் தெரியும். மிளகுக் கொடிக்கும் காப்பிச் செடிக்கும் காவலாக முன்பு நாட்டு நாய் இருந்தது. இப்போது ஜெர்மன் ஷெப்பர்டும் ராட்வைலரும் டாபர்மேனும் கிரேட் டேனும் மலையேறி வந்துவிட்டன. ராஜபாளையம் நாய் வைத்திருப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். எடை முப்பது கிலோ, நாற்பது கிலோ. பிள்ளைகள் அவற்றின்மேல் சாய்ந்து படித்துக்கொண்டே தூங்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட நாய்க்கு ஓர் இரவு திடீரென்று முடியாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் உங்கள் கேள்வி.

அவசரங்கள் பல உண்டு. எல்லாவற்றையும் தொட்டால் ஒன்றும் மனதில் நிற்காது. ஆகவே ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன். இரைப்பை காற்றால் உப்பி, தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும் நோய். பெரிய உடம்பும் ஆழமான மார்புக்கூடும் உள்ள நாய்களைத்தான் இது அதிகம் தேடி வருகிறது. மாலையில் வாலாட்டிக்கொண்டு நின்ற நாயை விடிவதற்குள் கொண்டுபோகக்கூடியது. சமவெளியில் இருப்பவர்களைவிட உங்களுக்கு இது கொடியது. ஏனென்றால் ஆபரேஷன் மேஜைக்கும் உங்கள் வீட்டுத் திண்ணைக்கும் நடுவே 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

எப்படித் தொடங்கும் என்று சொல்கிறேன். இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். நாய் ஓரிடத்தில் படுக்காது. படுக்கும், எழும், சுற்றி வரும், மறுபடி படுக்கும். தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்க்கும். எச்சில் நூல் நூலாக ஒழுகும். பிறகு ஓங்கரிக்கும். உடம்பே குலுங்கக் குலுங்க ஓங்கரிக்கும், ஆனால் ஒன்றும் வெளியே வராது. கொஞ்சம் நுரை வரலாம், அவ்வளவுதான். இதைத்தான் நீங்கள் மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். வாந்தி எடுக்கும் நாய்க்குப் பல காரணங்கள் இருக்கலாம், பெரும்பாலும் மறுநாள் சரியாகிவிடும். வாந்தி எடுக்க முயன்று முயன்று எடுக்க முடியாமல் தவிக்கும் பெரிய நாய்க்கு மறுநாள் வரை நேரம் கிடையாது.

கொல்லிமலை இரவின் குளிரே உங்களுக்கு ஓர் அடையாளம் கொடுக்கிறது. நாய் வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பது இயல்பு. மார்கழிப் பனியில், ஓடாமல் ஆடாமல் நின்ற இடத்தில் இளைத்தால் அது இயல்பு இல்லை. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நல்ல நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பிவிடும். திரும்பத் தாமதமானாலோ, ஈறே வெளுத்துக் கிடந்தாலோ, ரத்த ஓட்டம் விழுந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கறுப்பு ஈறு உள்ள நாய்க்குக் கண்ணின் கீழ்இமையை இழுத்து உள்பக்கத்து நிறத்தைப் பாருங்கள். விலா எலும்புக்குப் பின்னால் வயிறு பெருத்து, தட்டினால் பறை போலச் சத்தம் வரும். ஆனால் ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை விலாவுக்குள்ளேயே மறைந்திருப்பதால் தொடக்கத்தில் வெளியே உப்பல் தெரியாமலும் போகலாம். வயிறு பெருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

உள்ளே நடப்பது இதுதான். நெல் மூட்டையின் வாயை முறுக்கிப் பிடிப்பதுபோல, காற்றால் நிறைந்த இரைப்பை திரும்பும்போது உணவுக்குழாய் வந்து சேரும் வாயும், குடலுக்குப் போகும் வாயும் இரண்டுமே அடைபட்டுவிடுகின்றன. காற்று மேலேயும் போகாது, கீழேயும் போகாது. இரைப்பையை ஒட்டியிருக்கும் மண்ணீரலும் சேர்ந்து இழுபடும். வீங்கிய இரைப்பை, பின்உடம்பிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய ரத்தக் குழாய்களை அழுத்துகிறது. இதயத்துக்கு வந்து சேரும் ரத்தம் குறைகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, பிறகு தாளம் தப்புகிறது. ரத்தம் கிடைக்காத இரைப்பைச் சுவர் கறுத்துச் சாகத் தொடங்குகிறது. வெளியே நாய் நின்றுகொண்டுதான் இருக்கும். உங்களைப் பார்த்தால் வாலைக்கூட ஒருமுறை ஆட்டும். அதை நம்பிவிடாதீர்கள்.

ஒரு விஷயத்தை இங்கே நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்ள வேண்டும். மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்வது என்று இங்கிருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணெய் ஊற்றுவீர்கள், நடக்க விடுவீர்கள். முற்றினால் மருத்துவர் இடது பக்கத்தில் குழல் குத்திக் காற்றை இறக்குவார். அது மாட்டுக்கான அறிவு, நல்ல அறிவு. மாட்டின் உப்புசத்தில் பெரும்பாலும் முறுக்கல் இல்லை, நுரையோ காற்றோ வெளியேற வழி தேடி நிற்கிறது. நாயில் வழியே மூடிக்கிடக்கிறது. ஊற்றும் எண்ணெய் இரைப்பைக்குப் போகாது, ஓங்கரிக்கும் நாயின் நுரையீரலுக்குத்தான் போகும். சோடா, கஷாயம், ஜெலுசில், தண்ணீர் எதுவும் வேண்டாம். வயிற்றைப் பிசைய வேண்டாம். ஊசியை எடுத்து வீட்டிலேயே குத்திப் பார்க்க வேண்டாம். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவர் கையையும் கடிக்கும். அதற்காக வாயைக் கட்டவும் கூடாது, மூச்சுக்குத் திணறும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? கிளம்ப வேண்டும். இவ்வளவுதான், ஆனால் இதுதான் கடினம். இரவு பத்து மணிக்கு, பனிமூட்டத்தில், ஒரு நாய்க்காக மலை இறங்குவதா என்று வீட்டில் பேச்சு வரும். கொஞ்ச நேரம் பார்ப்போம், காலையில் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சில்தான் நாய்கள் சாகின்றன. அறிகுறி தொடங்கி ஆறு மணி நேரத்துக்கு மேல் கடந்து வரும் நாய்களில் இறப்பு கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நேரத்தோடு வந்து அறுவைச் சிகிச்சை நடந்த நாய்களில் ஐந்துக்கு நான்கு என்ற அளவில் பிழைக்கின்றன. சிகிச்சையே இல்லாமல் முறுக்கிய இரைப்பையோடு பிழைக்கும் நாயைக் காண்பது அரிது. அந்த ஆறு மணி நேரத்தை வண்டி தேடுவதற்கும், காரவள்ளிக்கு இறங்குவதற்கும், அங்கிருந்து நாமக்கல் போய்ச் சேருவதற்கும், எக்ஸ்ரே எடுப்பதற்கும், மயக்க மருந்து கொடுப்பதற்கும் பங்கு போட வேண்டியிருக்கிறது. ஆகவே மலையில் வாழ்பவர்கள் இந்த முடிவை இரவு பத்து மணிக்கு எடுக்கக் கூடாது. இன்றைக்கே, நாய் நன்றாக இருக்கும்போதே எடுத்துவைக்க வேண்டும். ஓங்கரித்து ஒன்றும் வரவில்லை என்றால் யாரையும் கேட்காமல் கிளம்புவோம் என்று குடும்பம் மொத்தமாகப் பேசி முடித்திருக்க வேண்டும். யார் வண்டி, யார் ஓட்டுவது, எந்த மருத்துவமனை, அதன் இரவு நேரத் தொலைபேசி எண் என்ன, ராத்திரி அங்கே ஆபரேஷன் செய்வார்களா, இல்லையென்றால் அடுத்தது எது. இதெல்லாம் ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

கொல்லிமலைக்கு ஒரு நல்வாய்ப்பும் இருக்கிறது. அடிவாரத்து மாவட்டத் தலைநகரான நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சென்னையில் 1903இல் தொடங்கிய கல்லூரிக்கு அடுத்து, தமிழ்நாட்டில் இரண்டாவதாக வந்தது அது. கோழிப் பண்ணைகளால் பெயர் பெற்ற ஊரானாலும், அந்தக் கல்லூரியின் மருத்துவ வளாகத்துக்கு நாய்களும் வருகின்றன. சேலம் மாவட்டம் தலைவாசலிலும் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. மலையின் வடபக்கத்தில் இருப்பவர்கள் அதையும் விசாரித்து வைக்கலாம். 1962 என்ற எண்ணைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள், வீடு தேடி வரும் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான எண். 2024இல் தமிழக அரசு 245 வண்டிகளை இறக்கியது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் அது பெரிய உதவி. ஆனால் இரைப்பை முறுக்கலுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், வண்டியில் அது நடக்காது. அந்த வண்டியை எதிர்பார்த்து வீட்டில் காத்திருந்துவிடாதீர்கள்.

கிளம்பும் முன்பே மருத்துவமனைக்குப் பேசிவிடுங்கள். வளைவுகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். நாயின் சாதி, வயது, எடை, கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது ஓங்கரிக்கத் தொடங்கியது, வயிறு உப்பியிருக்கிறதா என்று சொல்லுங்கள். இது தெரிந்தால் நீங்கள் வந்து சேர்வதற்குள் சலைனும் குழாயும் மேஜையும் தயாராக இருக்கும். நடக்க முடியாத நாயைக் கெட்டியான போர்வையில் கிடத்தி இரண்டு பேர் தூக்குங்கள். வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்காதீர்கள். அதற்கு எந்தப் பக்கம் படுக்கச் சுகமோ அந்தப் பக்கம் படுக்கட்டும். பின்இருக்கையில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அதிகம் அழுகிறவர் வண்டி ஓட்டக் கூடாது. இந்தச் சாலையில் வேகத்தால் மிச்சமாகும் நேரம் சொற்பம், ஒரு வளைவில் தவறினால் நாயோடு மனிதரும் போவார்கள். நேரத்தை மிச்சப்படுத்தும் இடம் வீட்டு வாசல்தான்.

வழியில் ஒரு கால்நடை மருத்துவர் கிடைத்தால் குழாய் விட்டோ ஊசி வழியாகவோ காற்றைக் கொஞ்சம் இறக்கிக் கொடுப்பார். அது உயிரைப் பிடித்து வைக்கும் வேலை. காற்று இறங்கியதும் நாய் தெளிந்ததுபோல இருக்கும், தலையைத் தூக்கிப் பார்க்கும். உடனே வண்டியைத் திருப்பத் தோன்றும். திருப்பாதீர்கள். காற்றுதான் இறங்கியிருக்கிறது, முறுக்கு உள்ளே அப்படியே இருக்கும். இன்னொன்று, இந்த வளைவுகளில் நலமாக இருக்கும் நாய்க்கும் குமட்டும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம், வீட்டில் இருக்கும்போதே ஓங்கரித்ததா என்பதுதான் கணக்கு.

இனி, மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவனாகச் சில வார்த்தைகள்.

நீங்கள் வந்ததும் நாங்கள் நாயை உள்ளே கொண்டுபோய்விடுவோம். உங்களை வெளியே நிற்கச் சொல்வோம். கொடுமையாக இருக்கும், தெரியும். அந்த நேரத்தில் முன்காலில் சலைன் ஏற்றுகிறோம், காற்றை இறக்குகிறோம், எக்ஸ்ரே எடுத்து முறுக்கு இருக்கிறதா என்று உறுதி செய்கிறோம். பிறகு ஒருவர் வெளியே வந்து சம்மதக் கையெழுத்து கேட்பார். செலவும் சொல்வார். அதற்கு யோசிக்க ஒரு மணி நேரம் கொடுக்க எங்களால் முடியாது. வீட்டில் பணத்தைப் பற்றி முடிவு சொல்லக்கூடியவர் கூட வந்திருக்க வேண்டும், இல்லை போனில் கிடைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். பிழைக்க எவ்வளவு வாய்ப்பு, இரைப்பை செத்திருந்தால் என்ன செய்வீர்கள், இன்று ராத்திரி யார் கூட இருப்பார்கள் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வயிற்றைத் திறந்து, முறுக்கை விடுவித்து, கறுத்த பகுதி இருந்தால் வெட்டியெடுத்து, கடைசியாக இரைப்பையை வலப்பக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடுவோம். இந்தக் கடைசித் தையலை விட்டுவிட்டால் பாதிக்கும் மேற்பட்ட நாய்களுக்கு மறுபடி முறுக்கிக்கொள்ளும். தைத்துவிட்டால் அது மிக அரிது. ஆபரேஷன் முடிந்தாலும் முதல் இரண்டு மூன்று நாட்கள் பயம் உண்டு, இதயத்தின் தாளம் தப்பலாம். காலையில் எழுந்து நின்றுவிட்டதே, அழைத்துப்போகிறோம் என்று கேட்காதீர்கள்.

எல்லாருக்கும் இந்தச் செலவு முடியாது. இதை மறைத்துப் பேச எனக்கு மனம் இல்லை. ஒரு போகத்து மிளகுப் பணம் முழுக்க எதெதற்கோ ஒதுக்கப்பட்டிருக்கும். முடியாது என்று சொல்ல வேண்டி வந்தால் சொல்லுங்கள். மருந்து கொடுத்து வலியில்லாமல் கண்மூட வைப்பதும் சிகிச்சைதான், அதைக் கேட்பவரை நாயைக் கைவிட்டவர் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. என்னால் தாங்க முடியாதது வேறொன்று. செலவுக்குப் பயந்து, இரவு முழுவதும் முறுக்கிய வயிற்றோடு நாயைத் திண்ணையிலேயே விட்டுவிடுவது. அந்த வலி எப்படிப்பட்டது என்று வயிற்றைத் திறந்து பார்த்தவன் சொல்கிறேன். பணம் இல்லாவிட்டாலும் கொண்டுவாருங்கள். வலியையாவது நிறுத்துவோம்.

'ஒரு நாய்க்கா இத்தனை?' என்று கேட்பவர் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களுக்குத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரைச் சொல்கிறேன். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. கால்நடைகளைக் கவரும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல் அது. அதில் அவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர். கள்ளர் இருவரைக் கடித்தது என்று கல்வெட்டே சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னால், எழுத்தைக் கல்லில் வெட்டுவது மிக அரிய வேலையாக இருந்தபோது, ஓர் ஊர் தன் வீரனுக்குப் பக்கத்தில் நாயின் பெயரையும் வெட்டி வைத்தது. நாய்க்காக அழுவது பட்டணத்திலிருந்து வந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் அந்தக் கல்லைக் காட்டுங்கள்.

நாய் பிழைக்காமல் போகலாம். எல்லாம் சரியாகச் செய்தும் போகலாம். அப்போது வீட்டில் ஒருவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வார். பெரும்பாலும் சோறு வைத்தவர்தான். நான்தான் கூடக் கொஞ்சம் போட்டேன் என்று அந்தம்மா மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார். இந்த நோய்க்கு ஒற்றைக் காரணம் கிடையாது. சாதி, வயது, உடல்வாகு, பயந்த சுபாவம், தாய்க்கோ கூடப்பிறந்ததற்கோ இது வந்திருப்பது என்று பலதும் சேர்ந்துதான் வருகிறது. ஒரு கரண்டிச் சோறு கொல்லவில்லை என்று மருத்துவர் வாயால் சொல்லக் கேட்பது அவருக்கு மருந்து. அதை நாங்கள் சொல்ல வேண்டும், வீட்டிலும் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் நாய் ஊருக்குப் போயிருக்கிறது என்று கதை சொல்லாதீர்கள். இறந்துவிட்டது என்று சொல்லுங்கள். புதைக்கும் இடத்துக்கு அவர்களையும் கூட்டிப்போங்கள். வாசலில் அந்தத் தட்டு எத்தனை நாள் கிடக்கலாம் என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

வருமுன் காப்பதற்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் கிளிக்மன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பெரிய நாய்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வயது ஏறுவது, நெருங்கிய ரத்த உறவில் இந்நோய் இருப்பது, அவசரமாக விழுங்குவது எல்லாம் ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரிந்தது. தட்டை உயரத்தில் வைத்தால் நல்லது என்று அதுவரை சொல்லிவந்தார்கள். ஆய்வில் அதற்கு நேர்மாறாக வந்தது. ஆகவே தட்டு தரையிலேயே இருக்கட்டும். நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அந்த ஆய்வில் இல்லை, ஆனால் அவற்றின் ஆழ்ந்த மார்பைப் பார்க்கும் எந்த மருத்துவரும் அவற்றையும் கவனத்தில்தான் வைப்பார். நம் ஊர் வழக்கம் என்ன? பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டு, ராத்திரி ஒரே வேளை பெரிய சட்டி நிறையச் சோறு போட்டு, தின்று முடித்ததும் தோட்டக் காவலுக்கு அவிழ்த்துவிடுவது. பட்டினியில் அது விழுங்கத்தான் செய்யும். அதே சோற்றை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். தின்றதும் கொஞ்ச நேரம் ஓடவிடாமல் வைத்திருங்கள். கிரேட் டேன் போன்ற சாதியில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வாழ்நாளில் இந்நோயைச் சந்திக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யும்போதே இரைப்பையையும் சேர்த்துத் தைத்துவிட முடியும். மருத்துவரிடம் நீங்களாகவே கேளுங்கள்.

பாம்புக்கடி பற்றி இங்கே ஒரு தம்பி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். அதற்குத் தனியாக ஒருநாள் பேச வேண்டும். இப்போதைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். மனிதர்களுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக்கொடுக்கும் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் விஷத்திலிருந்து அது தயாராகிறது. எந்த மருத்துவமனையில் இருப்பு இருக்கிறது என்பதையும் அடுக்களைச் சுவர்த் தாளில் சேர்த்து எழுதிவிடுங்கள்.

வெளியே மரத்தடியில் எடைக்கருவி வைத்திருக்கிறோம். நாயைக் கூட்டிவந்திருப்பவர்கள் வரிசையாக வாருங்கள். மயக்க மருந்தும் சலைனும் எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், ராத்திரியில் குத்துமதிப்பாகச் சொல்வதைவிட இன்றைக்கே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஈறை அழுத்திப் பார்ப்பதைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகக் கற்றுத்தருகிறேன். முன்வரிசையிலிருந்து தொடங்கலாம்.